இரும்பு கிடைக்காத காலத்துல மிதக்குற மாதிரி கட்டுனாங்க: 1951 லண்டன் சவுத் பேங்க் கண்காட்சி

1951 தொடக்கத்துல பிரிட்டன்ல ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு கிடைச்ச கறி ரேஷன் 8 பென்ஸ் மதிப்புக்கு தான். ஜெர்மன் விமானங்க வந்து குண்டு போட்டுட்டு இருந்த வருஷங்கள்லகூட இவ்வளவு கம்மியா போனதில்ல. போர் முடிஞ்சு ஆறு வருஷம் ஆகப்போகுது, ஜெயிச்ச நாடு வேற, ஆனா மிட்டாய்க்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், வீடு கட்டணும்னா லைசென்ஸ், லண்டன் ஈஸ்ட் எண்ட் பக்கம் போனா தெருவுக்கு தெரு பல்லு விழுந்த மாதிரி இடிஞ்ச காலி மனை. அதே வருஷம் மே மாசம் தேம்ஸ் ஆத்தோட தென்கரைல 27 ஏக்கர்ல அலுமினியமும் கண்ணாடியும் கலர் கலரா பெயின்ட்டும் தண்ணி ஃபவுண்டனுமா ஒரு ஊரே எந்திரிச்சு நின்னுச்சு, அஞ்சு மாசத்துல அத பாக்க கிட்டத்தட்ட 85 லட்சம் பேர் வந்தாங்க. ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்னு பேரு. சாப்பாட்டுக்கே திண்டாடுற நாடு இவ்வளவு பெரிய திருவிழா எடுக்கலாமான்னு அப்பவே பெரிய சண்டை நடந்துச்சு. அந்த சண்டைய விட எனக்கு முக்கியமா படுறது வேற ஒண்ணு, அந்த கட்டடங்க ஏன் அப்படி இருந்துச்சுங்கறது. எல்லாரும் அத "போருக்கு அப்புறம் வந்த நம்பிக்கையோட வடிவம்"னு சொல்லிட்டு போயிடுவாங்க, சரி தான், ஆனா அந்த வடிவம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப்போனா பாதி பதில் பற்றாக்குறைல தான் இருக்கு.

முதல்ல கதை எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு பாத்துடலாம். 1851ல ஹைட் பார்க்ல ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடியும் இரும்புமா கட்டுன கிரிஸ்டல் பேலஸ்ல ஒரு மாபெரும் கண்காட்சி நடந்துச்சு, அதோட நூறாவது வருஷத்த கொண்டாடணும்னு ஒரு பேச்சு போர் நடந்துட்டு இருக்கும்போதே 1943ல கிளம்பிடுச்சு. அந்த கிரிஸ்டல் பேலஸ் இடம் மாறிப்போயி 1936ல எரிஞ்சே போச்சுங்கறது வேற விஷயம். 1945ல நியூஸ் கிரானிக்கிள் பத்திரிகையோட எடிட்டர் ஜெரால்ட் பேரி, மந்திரி ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி இத நடத்தியே ஆகணும்னு கேட்டாரு. முதல்ல இருந்த யோசனை உலக வர்த்தக கண்காட்சி மாதிரி, எல்லா நாட்டையும் கூப்புடணும்னு. அதுக்கு காசு இல்ல. அதனால நம்ம நாட்ட பத்தி நம்ம ஜனங்களுக்கே காட்டுவோம்னு சுருக்கிட்டாங்க, அந்த சுருக்கம் தான் பின்னாடி அதோட குணமாவே ஆயிடுச்சு. லேபர் கட்சி அரசுல ஹெர்பர்ட் மாரிசன் இத தன் சொந்த புள்ள மாதிரி தூக்கி சுமந்தாரு, அவருக்கு "லார்ட் ஃபெஸ்டிவல்"னே பட்டப்பேர் வந்துச்சு. பேரிய டைரக்டர் ஜெனரலா போட்டாங்க. "தேசத்துக்கு ஒரு டானிக்"னு அவர் சொன்னது தான் இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் திருப்பித் திருப்பி சொல்ற வாசகம். டானிக்னா என்ன, உடம்பு தேறி வர்ற ஆளுக்கு குடுக்குறது தானே, அந்த வார்த்தைய அவர் யோசிச்சு தான் போட்டிருக்காருன்னு நினைக்கிறேன்.

கட்டடக்கலை பொறுப்பு ஹியூ காசன்ங்கற ஆளுக்கு போச்சு. 1948ல அத ஏத்துக்கும்போது அவருக்கு 38 வயசு. அவர் கூட்டிட்டு வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் பல பேர் அவரை மாதிரியே சின்ன வயசுக்காரங்க, அவங்க படிச்சு முடிச்ச நேரத்துல போர் வந்துருச்சு, முடிஞ்சதும் பொருள் இல்ல லைசென்ஸ் இல்லன்னு கையில வேலையே இல்லாம வெறும் டிராயிங் மட்டும் போட்டுட்டு இருந்தவங்க. பத்து வருஷமா மனசுல கட்டிட்டு இருந்தவங்களுக்கு திடீர்னு ஒரு நிஜ மனை கிடைச்சா என்ன ஆகும்? அந்த பசி சவுத் பேங்க் போட்டோக்கள்ல இன்னைக்கும் தெரியுது.

மனையும் லேசுப்பட்ட மனை இல்ல. வாட்டர்லூ பாலத்துக்கும் கவுன்ட்டி ஹாலுக்கும் நடுவுல இருக்குற ஆத்தங்கரை. பழைய பண்டகசாலை, படகுத்துறை, குண்டு விழுந்து இடிஞ்ச கட்டடம், மூடிப்போன லயன் ப்ரூவரின்னு ஒரு மதுபான ஆலை, அப்புறம் 1826ல கட்டுன ஒரு ஷாட் டவர், அதாவது உச்சிலேருந்து உருக்குன ஈயத்த சொட்டு சொட்டா விட்டா கீழ வர்றதுக்குள்ள உருண்டையா இறுகி துப்பாக்கி ரவையா ஆயிடும், அதுக்குன்னு கட்டுன கோபுரம். எதுத்த கரைல பார்லிமென்ட், சவாய் ஹோட்டல், பணக்கார லண்டன். இந்த கரைக்கு சும்மா யாரும் வரமாட்டாங்க. நடுவுல ஹங்கர்ஃபோர்ட் ரயில் பாலம் மனைய ரெண்டா வெட்டிட்டு போகுது. ப்ரூவரிய இடிச்சாங்க, அது மேல நின்ன கல்லு சிங்கத்த மட்டும் காப்பாத்தி வச்சாங்க, அது இன்னைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து முனைல நிக்குது. ஷாட் டவர அப்படியே விட்டுட்டு அது தலைல ஒரு ரேடியோ டெலஸ்கோப்ப ஏத்துனாங்க. ஆத்துல புதுசா சுவர் கட்டி கொஞ்சம் நிலத்த தண்ணிகிட்டேருந்து மீட்டாங்க. 1950-51 குளிர்காலம் முழுக்க விடாத மழை, மனை முழுக்க சகதி, நடுவுல ஸ்ட்ரைக் வேற.

இப்ப பற்றாக்குறைக்கு வரேன். எஃகு கிடைக்கல. மரம் இறக்குமதி பண்ண டாலர் இல்ல. 1950 ஜூன்ல கொரியா போர் ஆரம்பிச்சதும் நாடு மறுபடி ஆயுதம் செய்ய கிளம்பிடுச்சு, இருந்த உலோகமும் அந்த பக்கம் போச்சு. வீடு இல்லாம இருக்குற ஜனங்க இருக்கும்போது கண்காட்சிக்கு செங்கல்ல கொட்டுனா நாடு சும்மா விடாது, அதுல நியாயமும் இருக்கு. அப்ப என்ன பண்றது? கம்மி பொருள்ல நிறைய இடத்த மூடணும். மெல்லிசான எஃகு குழாய், இழுத்துக் கட்டுன கேபிள், விரிச்சு மாட்டுன கேன்வாஸ், வளைச்ச பிளைவுட், தகடு, கண்ணாடி. ஒரு பொருள கனமா அடுக்கி நிக்க வைக்கிறதுக்கு பதிலா இழுவிசைல நிக்க வைக்கிறது. இது ஒரு விதத்துல நம்ம ஊரு பந்தல் போடுற புத்தி தான், ஆனா கணக்கு போட்டு, இன்ஜினியர்கள் உக்காந்து ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு இழுக்கும்னு பாத்து போட்ட பந்தல். நவீன கட்டடக்கலைகிட்ட இந்த பாஷை ஏற்கனவே இருந்துச்சு, 1930ல ஸ்டாக்ஹோம்ல குன்னார் அஸ்ப்லுண்ட் பண்ண கண்காட்சில மெல்லிய கம்பமும் கொடியும் கண்ணாடியுமா இதே லேசான தோற்றம் வந்துருச்சு, காசன் கூட்டத்துக்கு அது நல்லா தெரியும். ஆனா ஸ்டாக்ஹோம்ல விரும்பி எடுத்துக்கிட்ட லேசு, லண்டன்ல வேற வழியில்லாம வந்த லேசு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டாவதுக்கு பின்னாடி இருக்குற பிடிவாதம் தான் என்ன உலுக்குது.

டோம் ஆஃப் டிஸ்கவரிங்கற குவிமாட மண்டபத்த எடுத்துக்கோங்க. ரால்ஃப் டப்ஸ் டிசைன். 365 அடி விட்டம், 93 அடி உயரம், அந்த நேரத்துல உலகத்துலயே பெரிய டோம். போர்ல விமானம் செஞ்சு செஞ்சு பெருசா வளந்த அலுமினியம் தொழிலு அப்ப நாட்டுல இருந்துச்சு, அந்த அலுமினியத்துல தான் இந்த டோம கட்டுனாங்க. சாஞ்ச கால்கள் மேல ஒரு பெரிய தட்ட கவுத்து வச்ச மாதிரி, ஓரத்துல காத்து போற அளவுக்கு திறந்து, தரைல ஒட்டாம நின்னுச்சு. பழைய டோம்னா கோயிலுக்கோ ராஜாவுக்கோ கட்டுவாங்க, செயின்ட் பால்ஸ் மாதிரி கனமா, கீழ நிக்கிறவன் தலைய தூக்கி பயந்து பாக்கணும். இதுக்குள்ள வச்சது துருவப் பயணம், கடல், பூமி, உயிர்கள், அணு, விண்வெளி. ஷாட் டவர் டெலஸ்கோப் நிலாவுக்கு ரேடியோ சிக்னல் அனுப்பி அது திரும்பி வர்றத ஜனங்க இங்க நின்னு பாக்கலாம். 1951ல, ஸ்புட்னிக் செயற்கைக்கோளுக்கு ஆறு வருஷம் முன்னாடி, வாரக் கறிக்கு கியூல நின்னுட்டு வந்த ஒரு அம்மா இத பாத்திருப்பாங்கன்னு யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு.

அதுக்கு பக்கத்துல ஸ்கைலான். இதுக்கு எந்த உபயோகமும் கிடையாது. நிமிந்து பாக்க ஒண்ணு வேணும்னு போட்டி வச்சாங்க, ஃபிலிப் பவல், ஹிடால்கோ மோயான்னு ரெண்டு இளம் ஆர்க்கிடெக்ட்ஸ் ஜெயிச்சாங்க. சுருட்டு மாதிரி ரெண்டு பக்கமும் கூரா இருக்குற ஒரு உடம்பு, உச்சி கிட்டத்தட்ட 300 அடில, கீழ் முனை தரையிலேருந்து நாலு மாடி உயரத்துல அந்தரத்துல. எப்படி நிக்குதுன்னா, சுத்தி மூணு எஃகு கம்பம் வெளிப்பக்கமா சாஞ்சு நிக்கும், அதுலேருந்து வர்ற கேபிள்கள் கீழ ஒரு தொட்டில் மாதிரி உடம்ப தாங்கும், இன்னொரு செட் கேபிள் இடுப்புல பிடிச்சு ஆடாம வச்சிருக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, இவ்வளவு மெல்லிசா தொங்குற ஒண்ணு காத்து அடிச்சா பயங்கரமா ஆடும், ஆட்டத்த நிறுத்த கேபிள தடிமனாக்குனா அழகு போயிடும். இன்ஜினியர் ஃபெலிக்ஸ் சாமுயெலி அதுக்கு கண்டுபிடிச்ச வழி, மூணு கம்பத்தையும் அடியில ஜாக்கி வச்சு மேல தூக்குறது. கம்பம் உயர உயர எல்லா கேபிளும் ஒரே நேரத்துல இறுகும், முன்னாடியே இழுத்து முறுக்கி வச்சாச்சுன்னா காத்துக்கு அசையுறதுக்கு இடம் கம்மி. வீணைத் தந்திய முறுக்குற மாதிரி தான். ராத்திரில உள்ளேருந்து விளக்கு போட்டா கம்பியெல்லாம் இருட்டுல மறைஞ்சு உடம்பு மட்டும் தனியா மிதக்கும். அந்த காலத்து லண்டன்ல ஒரு கிண்டல் ஓடுச்சு, ஸ்கைலானும் பிரிட்டன் மாதிரியே, எது தாங்கி நிக்குதுன்னே கண்ணுக்கு தெரியலன்னு. கிண்டல் தான், ஆனா வேற எந்த விமர்சகனும் இவ்வளவு கச்சிதமா சொல்லல. கடன்ல நின்ன நாடு அது.

இந்த சாமுயெலி வியன்னால பிறந்தவரு, 30கள்ல இங்கிலாந்துக்கு வந்தவரு. கண்காட்சிக்கு இதுல ஒரு அகலமான கதை இருக்கு. ஃபெஸ்டிவல் ஹால் உள்பக்கத்த உருவாக்குன பீட்டர் மோரோ ஜெர்மனியிலேருந்து வந்தவரு. டிசைன் குழுல முக்கியமான மிஷா பிளாக் அஜர்பைஜானோட பாகு நகரத்துல பிறந்தவரு. கொடிகளோட பிரிட்டானியா (பிரிட்டன பெண்ணா உருவகப்படுத்துன உருவம்) தலைய வச்சு எல்லா போஸ்டர்லயும் வந்த அந்த சின்னத்த வரைஞ்ச ஏப்ரம் கேம்ஸ், ஐரோப்பாவுலேருந்து வந்த யூதக் குடும்பத்து புள்ள. "பிரிட்டிஷ் தன்மை"ய கொண்டாட எடுத்த விழாவோட முகத்த செஞ்சதுல இவ்வளவு பேர் வெளியிலேருந்து வந்தவங்க, இல்ல வந்தவங்களோட புள்ளைங்க, நவீன பாணி வெறும் ஃபேஷனா வரல, நாஜிகள் துரத்துன ஆட்கள் தூக்கிட்டு வந்த பொருளாவும் வந்துச்சு. இத சொல்லாம சவுத் பேங்க பத்தி பேசுறது அரைகுறை பேச்சு.

ஆனா தனித்தனி கட்டடங்கள விட பெரிய சாதனை காசன் போட்ட லேஅவுட்ன்னு தான் நான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி தேசிய கண்காட்சின்னாலே நடுவுல ஒரு பெரிய நேர் ரோடு, ரெண்டு பக்கமும் சமமா மண்டபம், கடைசில ஒரு பிரம்மாண்டம். 1924ல வெம்ப்ளில நடந்த பேரரசு கண்காட்சி கான்கிரீட்ல அப்படித்தான் இருந்துச்சு, நடக்குறவன் ஊர்வலத்துல போற சிப்பாய் மாதிரி போகணும். சவுத் பேங்க்ல நேர்கோடே கிடையாது. ஒரு முற்றம், அதுலேருந்து ஒரு படி எறங்குனா இன்னொரு முற்றம், ஒரு பாலத்துக்கு அடியில புகுந்தா திடீர்னு ஆறு, திரும்புனா ஒரு மூலைல டோம் பாதி தெரியும், இன்னும் நாலடி போனா ஸ்கைலான். மனை சின்னது, அத பெருசா காட்ட எதுத்த கரையோட கோபுரங்களையும் காட்சிக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. ரயில் பாலம் ரெண்டா வெட்டுறத குறையா பாக்காம, ஒரு பக்கம் நாடும் நிலமும், இன்னொரு பக்கம் ஜனங்கன்னு கதைய ரெண்டா பிரிச்சாங்க. தரைக்கு போட்ட கல்லு, தொட்டிச் செடி, பெஞ்சு, விளக்குக் கம்பம், படிக்கட்டு கைப்பிடின்னு கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல இருக்குறத கட்டடம் அளவுக்கே யோசிச்சு பண்ணிருந்தாங்க. ஒரு நகரத்துல சும்மா நடக்குறதே சந்தோஷமா இருக்கலாம்னு ஜனங்க கால்ல காட்டுன பாடம் அது.

அப்புறம் கலரும் வெளிச்சமும். இத போட்டோல புரிஞ்சுக்க முடியாது, ஏன்னா நிறைய போட்டோ கருப்பு வெள்ளை. 1939லேருந்து 45 வரைக்கும் ராத்திரி லண்டன் இருட்டு. போர் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1947 குளிர்காலத்துல நிலக்கரி தட்டுப்பாடு வந்து கடை வெளிச்சம், அலங்கார வெளிச்சமெல்லாம் மறுபடி தடை, 1949ல தான் நீங்குச்சு. வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வழியில்ல, துணியெல்லாம் மங்கல். அந்த கண்ணுக்கு முன்னாடி மஞ்சள், சிவப்பு, நீலம், ஆத்துத் தண்ணில விளக்கு, ராத்திரி திறந்தவெளில பாட்டு போட்டு ஓவர்கோட்டோட ஜோடி ஜோடியா ஆடுற ஜனங்க. வந்தவங்க பல பேருக்கு பின்னாடி எந்த பெவிலியன்ல (காட்சி மண்டபத்துல) என்ன பாத்தோம்னு மறந்துடுச்சு, கலரும் வெளிச்சமும் மட்டும் நின்னுச்சு. அது போதும்னு தான் எனக்கு தோணுது.

உக்கார போட்ட நாற்காலிகூட அதே கதை தான் சொல்லும். எர்னஸ்ட் ரேஸ் செஞ்ச ஆன்ட்டிலோப் நாற்காலி, பென்சில் கனத்துக்கு எஃகு கம்பிய வளைச்சு உடம்பு, மேல ஒரு வளைஞ்ச பிளைவுட் பலகை, கால் நுனில சின்ன உருண்டை. போர் முடிஞ்ச உடனே விமானக் கழிவு அலுமினியத்த உருக்கி நாற்காலி செஞ்ச அதே ரேஸ் தான். அந்த உருண்டை எங்கேருந்து வந்துச்சுன்னா விஞ்ஞானத்துலேருந்து, மூலக்கூறு மாடல்ல குச்சியும் உருண்டையும் வச்சு காட்டுவாங்கல்ல, அது. ஹெலன் மெகாங்கற படிகவியல் விஞ்ஞானி எக்ஸ்ரேல வர்ற அணு அமைப்பு படங்க துணி டிசைனுக்கு பிரமாதமா இருக்கும்னு சொல்லி, அதுலேருந்து ஃபெஸ்டிவல் பேட்டர்ன் குரூப்னு ஒண்ணு உருவாகி, இன்சுலின், ஹீமோகுளோபின், போரிக் ஆசிட்னு இதோட அமைப்பெல்லாம் திரைச்சீலை, வால்பேப்பர், தட்டுன்னு வந்துச்சு. ரெகாட்டா ரெஸ்டாரன்ட்ல போயி உக்காந்தா சுத்தி இதுங்க தான். கொஞ்சம் நின்னு யோசிங்க, ஹிரோஷிமாவுக்கு ஆறு வருஷம் கழிச்சு, அணுன்னாலே ஜனங்க மனசுல காளான் மேகம் வர்ற நேரத்துல, அதே அணுவ உயிர் காக்குற இன்சுலினா மாத்தி திரைச்சீலைல பூ மாதிரி போட்டிருக்காங்க. இத வெறும் அலங்காரம்னு என்னால பாக்க முடியல, பயந்துபோன ஒரு தலைமுறை விஞ்ஞானத்த மறுபடி வீட்டுக்குள்ள கூப்புட்டுக்க முயற்சி பண்ணது அது.

சவுத் பேங்க்ல நிரந்தரமா நிக்கணும்னு கட்டுனது ஒண்ணே ஒண்ணு தான், ராயல் ஃபெஸ்டிவல் ஹால். லண்டனோட பெரிய கச்சேரி மண்டபம் குயின்ஸ் ஹால் 1941 மே மாசம் குண்டுல எரிஞ்சு போச்சு, அதுக்கு பதிலா லண்டன் கவுன்ட்டி கவுன்சிலோட சொந்த ஆர்க்கிடெக்ட்ஸ், ராபர்ட் மேத்யூ, லெஸ்லி மார்ட்டின், பீட்டர் மோரோன்னு ஒரு குழு பண்ணது. 1949ல பிரதமர் அட்லி அடிக்கல் வச்சு 1951 மே 3ல கச்சேரி. பிரச்சினை என்னன்னா ஒரு பக்கம் ஒட்டுனாப்ல ரயில் பாலம், தரைக்கு அடியில ட்யூப் ரயில், இந்த சத்தத்துக்கு நடுவுல ஒரு புல்லாங்குழல் கேக்கணும். மார்ட்டின் சொன்ன தீர்வு தான் "பெட்டிக்குள்ள முட்டை". கச்சேரி மண்டபத்த தனி ஓடு மாதிரி பண்ணி தூண்கள் மேல தூக்கி நிறுத்து, சுத்தி ஃபோயர் (நுழைவுக் கூடம்), படிக்கட்டு, ரெஸ்டாரன்ட் எல்லாத்தையும் ஒரு கண்ணாடிப் பெட்டியா வை, ரயில் சத்தம் பெட்டியோட நின்னுடும். சத்தத்துக்கு போட்ட திட்டம் தான், ஆனா அதுல கிடைச்ச லாபம் வேற மாதிரி ஆச்சு. மண்டபம் மேல போனதால அதுக்கு அடியில முழுக்க ஒரே திறந்த இடம், எந்த வாசல்ல வந்தாலும் ஒரே ஃபோயர், ஒண்ணு மேல ஒண்ணா மாடிங்க, கண்ணாடி வழியா ஆறு. பழைய ஓபரா ஹவுஸ்ல பணக்காரனுக்கு ஒரு வாசல், மாடி சீட்டுக்காரனுக்கு சந்துல ஒரு வாசல். இங்க எல்லாரும் ஒரே படில தான் ஏறணும். சமத்துவம்னு போர்டு மாட்டல, பிளான்லயே போட்டுட்டாங்க.

ஜனங்களுக்கு வீடு இல்லாதப்ப இதெல்லாம் எதுக்குன்னு கேட்டாங்கல்ல, அதுக்கும் ஒரு பதில் இருந்துச்சு. ஈஸ்ட் எண்ட்ல பாப்லர்ங்கற இடத்துல, குண்டு நல்லா விழுந்த ஏரியா, லான்ஸ்பரி எஸ்டேட்னு ஒரு குடியிருப்பு கட்டி அதையே கண்காட்சியோட ஒரு பகுதியா ஆக்குனாங்க, "லைவ் ஆர்க்கிடெக்சர்"னு பேரு. நிஜ வீடு, நிஜ பள்ளிக்கூடம், சர்ச், ஃபிரெடரிக் கிபர்ட் போட்ட கிறிஸ்ப் ஸ்ட்ரீட் மார்க்கெட், வண்டி வராம நடந்து மட்டும் போற கடைவீதி, நடுவுல மணிக்கூண்டு. மோசமா வீடு கட்டுனா என்னென்ன ஆகும்னு காட்ட "கிரெம்லின் கிரேஞ்ச்"னு (Gremlin, அதாவது எதையும் கெடுத்து வைக்கிற குட்டிச்சாத்தான்) வேணும்னே விரிசலும் கோணலுமா ஒரு வீடு கட்டி வச்சிருந்தாங்க, ஒரு அரசாங்கம் ஜனங்களுக்கு வீட்ட பத்தி கேள்வி கேக்க சொல்லிக்குடுக்குறது எவ்வளவு நல்ல விஷயம். ஆனா சவுத் பேங்க்குக்கு 85 லட்சம் பேர் போன எடத்துல இங்க வந்தவங்க ஒரு லட்சத்தகூட தொடல. விமர்சகர்களும் சாதா செங்கல் வீடு, சப்புன்னு இருக்குன்னுட்டாங்க. எனக்கு இதுல வருத்தம் உண்டு, ஏன்னா நம்பிக்கைய வாடகை வீடா மாத்திக் காட்டுன ஒரே இடம் இது தான்.

குறையும் சொல்லியாகணும், பெரிய குறை. 1924 வெம்ப்ளில பேரரசு தான் எல்லாமே. 1951 சவுத் பேங்க்ல பேரரசே இல்ல. இந்தியா, இலங்கை எல்லாம் அப்பத்தான் விடுதலை வாங்கியிருந்துச்சு, ஆப்பிரிக்காவுலயும் கரீபியன்லயும் காலனிகள் அப்படியே இருந்துச்சு, ஆனா கதை முழுக்க "இந்தத் தீவு, இந்தத் தீவோட ஜனங்க"ன்னு சுருங்கிடுச்சு. காலனி கலைகளுக்கு இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்ல தனியா ஒரு காட்சி வச்சு ஒதுக்கிட்டாங்க. தன்ன ஒரு சாதாரண ஜனநாயக நாடா பாக்க ஆசைப்பட்டது ஒரு பக்கம் நல்லது, இந்த செல்வம் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாம விட்டது இன்னொரு பக்கம். 1948லயே கரீபியன்லேருந்து வின்ட்ரஷ் கப்பல்ல வந்து எறங்குனவங்களும் அந்த "பிரிட்டிஷ் ஜனங்க" பெவிலியன் கதைல இல்ல. ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு. டிரினிடாட்லேருந்து டாஸ்போங்கற எஃகு மேளக் குழு கண்காட்சிக்கு வந்து சவுத் பேங்க்ல வாசிச்சுச்சு. தூக்கிப்போட்ட எண்ணெய் டிரம்ம அடிச்சு சுருதி சேத்து செஞ்ச வாத்தியம். அதுல ஒருத்தர், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட், ஊருக்கு திரும்பாம லண்டன்லயே தங்கிட்டாரு, பின்னாடி நாட்டிங் ஹில் கார்னிவல்ல எஃகு மேளம் வந்ததுல அவருக்கு பெரிய பங்கு. கழிவு உலோகத்துலேருந்து புதுசா ஒண்ண வரவைக்கிறதுங்கறது தான் அந்த மொத்த கண்காட்சியோட உயிர்ன்னா, அத ரொம்ப சுத்தமா செஞ்சது விருந்தாளியா வந்த இவங்க தான்னு நான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 30ல கண்காட்சி மூடுச்சு. அக்டோபர் 25 தேர்தல்ல சர்ச்சில் திரும்ப வந்தாரு. அவர் கட்சிக்காரங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே இது லேபர் கட்சியோட பிரச்சாரம்ங்கற எண்ணம். புது அரசுல கட்டுமான மந்திரி டேவிட் எக்கல்ஸ் மனைய காலி பண்ண சொன்னாரு. 1952ல ஸ்கைலான அறுத்து பழைய இரும்புக்கு போட்டாங்க, டோமையும் அப்படித்தான், அந்த உலோகத்துல கொஞ்சம் பேப்பர் வெட்டுற கத்தியா, ஆஷ்ட்ரேயா நினைவுப்பொருள் கடைக்கு போச்சு. தற்காலிகமா கட்டுனது தான், இடிச்சது தப்பான்னா சட்டப்படி தப்பில்ல. ஆனா இடிச்ச இடத்துல எதையும் உடனே கட்டல, டோம் நின்ன இடம் வருஷக்கணக்கா கார் பார்க்கா கிடந்துச்சு, 1977ல தான் ஜூபிலி கார்டன்ஸ் பூங்கா ஆச்சு. காலி மனைய பாத்து அலுத்துப்போன ஊர்ல திரும்ப ஒரு காலி மனை. இத மன்னிக்க எனக்கு கஷ்டமா இருக்கு.

கட்டடக்கலைக்காரங்க அடுத்த தலைமுறையும் அத விட்டு வைக்கல. ரொம்ப மென்மையா இருக்கு, அழகுபடுத்துறதுல நேரம் போக்கிட்டாங்க, நவீனத்தோட கடுமை இல்லன்னு இளைஞர்கள் திட்டுனாங்க, அந்த கோபத்துலேருந்து வந்தது தான் புரூட்டலிசம்ங்கற முரட்டு கான்கிரீட் பாணி, அதே சவுத் பேங்க்ல ஷாட் டவர இடிச்சுட்டு 1967ல வந்த குயின் எலிசபெத் ஹாலும் அடுத்த வருஷம் வந்த ஹேவர்ட் கேலரியும் வெறும் கான்கிரீட்டா நிக்குறது அதனால தான். அந்த கான்கிரீட் கட்டடங்களும் எனக்கு பிடிக்கும். ஆனா மென்மைங்கறது குத்தம்னு சொன்னது பாதி நியாயம் தான், ஆறு வருஷம் குண்டுச் சத்தம் கேட்ட ஆளுக்கு கடுமைய யாரும் புதுசா கத்துக்குடுக்க வேண்டியதில்ல.

பரவுனது வேற வழில பரவுச்சு. கடல், கப்பல் பெவிலியன் பண்ண பேசில் ஸ்பென்ஸ் அதே 1951ல கோவென்ட்ரி தேவாலயப் போட்டில ஜெயிச்சாரு. கிபர்ட் திட்டம் போட்ட ஹார்லோங்கற புது நகரத்துக்கு பார்பரா ஹெப்வொர்த் கண்காட்சிக்காக செதுக்குன ரெண்டு கல் உருவங்க போய் சேந்துச்சு, இன்னைக்கும் அங்க வீடுகளுக்கு நடுவுல நிக்குது. நம்ம பக்கத்துக்கும் ஒரு நூல் வந்துச்சு. சவுத் பேங்க்ல ஆத்தோர ரெஸ்டாரன்ட்டும் பள்ளிக்கூட பெவிலியனும் பண்ண மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி, அதே வருஷம் ஆர்க்கிடெக்ட்ஸ் லெ கார்புசியேயோடவும் பியர் ஜான்னரேயோடவும் சண்டிகர் கட்ட வந்தாங்க. பிரிவினைல லாகூர இழந்த பஞ்சாபுக்கு ஒரு தலைநகரம். அங்கயும் காசு இல்ல, எஃகு இல்ல, செங்கல் இருந்துச்சு, வெயில் இருந்துச்சு. கார்புசியே பேர் சட்டசபையிலயும் ஹைகோர்ட்லயும் நிக்குது, ஆனா பியூனுக்கும் கிளார்க்குக்கும் சின்ன செங்கல் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு யோசிச்சு வரைஞ்சதுல ஜேன் ட்ரூவோட கை பெருசு.

லண்டன்ல 2000வது வருஷத்துக்குன்னு மறுபடி ஒரு தேசிய டோம் கட்டுனாங்க. அதுக்கு பொறுப்பா இருந்த மந்திரிகள்ல ஒருத்தர் பீட்டர் மாண்டல்சன், ஹெர்பர்ட் மாரிசனோட பேரன். தாத்தா காலத்து டோம் 365 அடி, இது 365 மீட்டர். உள்ள என்ன சொல்றதுன்னு தான் யாருக்கும் பிடிபடல, 1951ல இருந்த மாதிரி ஜனங்க உடம்புல தேவைப்பட்ட எதையும் அதால குடுக்க முடியல.

ஃபெஸ்டிவல் ஹால் மட்டும் அங்கயே இருக்கு, 1988ல போருக்குப் பிந்தின கட்டடங்கள்லயே முதல்ல "கிரேட் 1"ங்கற உச்ச சட்டப் பாதுகாப்ப வாங்குச்சு. 1983ல லண்டன் நகர நிர்வாகம் அதோட ஃபோயர பகல் முழுக்க எல்லாருக்கும் திறந்துவிட்டுச்சு, டிக்கெட் வேணாம், எதுவும் வாங்க வேணாம், யாரும் வந்து எந்திரின்னு சொல்லமாட்டாங்க. பரீட்சைக்கு படிக்குற புள்ளைங்க, குழந்தைய தள்ளுவண்டில தூங்க வச்சுட்டு கால் நீட்டி உக்காந்திருக்குற அம்மாக்கள், குளிருக்கு ஒதுங்குன வயசானவங்க, வீட்லேருந்து டப்பால சாப்பாடு கட்டிட்டு வந்து சாப்புடுற குடும்பம். கால் அடியில சத்தத்தோட அலைய வரைஞ்ச மாதிரி அதே பழைய பேட்டர்ன் கார்ப்பெட், தலைக்கு மேல தூண்ல தூக்கி நிறுத்துன அந்த முட்டை, ஜன்னலுக்கு வெளிய ஹங்கர்ஃபோர்ட் பாலத்துல ரயில் போகும், உள்ள கேக்காது.